சுமத்ரா பக்கம் 2004-ல் நிலநடுக்கம் வந்தபோது சுனாமி வந்தது, 2012-ல் ஏன் வரவில்லை?

கலா_திருவான்மியூர்

வணக்கம். மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். சமூக அறிவியலில் இப்போது புவித்தட்டுகள் பாடம். இணையும் எல்லை, விலகும் எல்லை, பக்க நகர்வு எல்லை என்று மூன்றையும் படம் வரைந்து பாகம் குறித்து முடித்துவிட்டாள். நேற்று ராத்திரி சாப்பிடும்போது அவள் கேட்ட கேள்விக்குத்தான் எனக்குப் பதில் தெரியவில்லை.

பேச்சு 2012 ஏப்ரல் 11 பற்றி வந்தது. அப்போது நான் பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகத்தில் ஆறாவது மாடியில் வேலை பார்த்தேன். மதியச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்த நேரம். மேஜை மேல் இருந்த பாட்டிலில் தண்ணீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது. படியிறங்கி வெளியே வந்தால் அக்கம்பக்கத்துக் கட்டடத்து ஆட்களெல்லாம் சாலையில் நிற்கிறார்கள். சுமத்ரா அருகே 8.6 என்று செய்தி வந்ததும் வயிறு கலங்கிவிட்டது. வீடு கடற்கரைக்குப் பக்கம், மாமியார் தனியாக இருந்தார். கடைசியில் அவர் போனை எடுத்தபோது பக்கத்து வீட்டுக்காரர்களோடு உள்பக்கமாக நடந்துகொண்டிருந்தார். கடற்கரையில் இருந்தவர்களை போலீஸ் வெளியேற்றியது. ராத்திரி வரை பயந்துகொண்டே இருந்தோம். கடல் அப்படியேதான் இருந்தது.

மகள் கேட்டது இதுதான்: "ரெண்டுமே சுமத்ரா பக்கம்தானே அம்மா? ரெண்டுமே பயங்கர நிலநடுக்கம். ஒண்ணுக்கு மட்டும் ஏன் கடல் வந்துச்சு?" 2004-ல் 9-க்கு மேல், 2012-ல் 8.6, அதனால்தான் என்று சொன்னேன். "அவ்வளவு கொஞ்ச வித்தியாசத்துக்கா?" என்று திருப்பிக் கேட்டாள். அவளுக்குப் புரியும்படி யாராவது விளக்குவீர்களா?

ஜங்லிகாட்_வாத்தியார்

கலா அம்மா, உங்கள் மகள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். நான் போர்ட் பிளேர் ஜங்லிகாட்டில் பிறந்து வளர்ந்தவன். தமிழ்நாட்டில் ஒரு கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். இந்த விஷயம் எனக்குப் பாடம் மட்டும் இல்லை, ஊர்க்கதையும்கூட. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் சொன்ன அளவு வித்தியாசம் பொய் இல்லை. ஓர் எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு கூடும். 9.1-க்கும் 8.6-க்கும் நடுவில் ஐந்தாறு மடங்கு வரும். ஆனால் அது பாதிப் பதில்கூட இல்லை. எந்தத் தட்டு எந்தத் திசையில் நகர்ந்தது என்பதில்தான் மீதி இருக்கிறது.

முதலில் 2004. அந்தமான், நிக்கோபார், சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் ஓர் ஆழமான அகழி ஓடுகிறது. நம் இந்தியத் தட்டு அந்த அகழியில்தான் கிழக்குப் பக்கம் இருக்கும் பர்மா சிறுதட்டுக்கு அடியில் நுழைகிறது. பாடப்புத்தகத்தில் 'இணையும் எல்லை' என்று போட்டிருக்கும் படம் இதுதான். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தால் கீழ்த்தட்டு வழுக்கிக்கொண்டு சீராக உள்ளே போவதாகத் தோன்றும். உண்மையில் நடப்பது வேறு. இரண்டு தட்டும் உரசும் பரப்பு நூற்றுக்கணக்கான வருஷம் இறுகிப் பூட்டிக் கிடக்கும். கீழ்த்தட்டு வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் போய்க்கொண்டே இருக்கும், மேல்தட்டின் விளிம்பையும் சேர்த்துக் கீழே இழுக்கும். இழுபட்ட விளிம்பு வளையும். உரசல் தாங்கும் வரை தாங்கும். தாங்காதபோது பூட்டு விடும்.

2004 டிசம்பர் 26, நம் நேரம் காலை 6.28-க்கு சுமத்ராவின் வடமேற்கு முனைக்கு அருகே அது விட்டது. அங்கே மட்டும் நின்றிருந்தால் கதை வேறு. பிளவு வடக்கே வடக்கே என்று கிழித்துக்கொண்டு நிக்கோபார், அந்தமான் வரை சுமார் 1,200 கிலோமீட்டருக்கு ஓடியது. ஓடி முடிக்க எட்டு முதல் பத்து நிமிஷம் ஆனது. சில இடங்களில் தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று 15 மீட்டருக்கு மேல் நழுவின. கீழே இழுபட்டுக் கிடந்த மேல்தட்டின் விளிம்பு விடுபட்டு எகிறியது. கடலடி சில மீட்டர் உயர்ந்தது. அதன் மேல் நின்ற தண்ணீர் முழுவதும், அடிமுதல் மேல்மட்டம் வரை, அதே அளவுக்கு மேலே தூக்கப்பட்டது. தூக்கிய தண்ணீர் சமநிலைக்குத் திரும்பப் பரவியதுதான் சுனாமி.

இப்போது 2012. மதியம் 2.08-க்கு நடந்தது. 'சுமத்ரா பக்கம்' என்று செய்தியில் சொன்னாலும் அது அகழியில் நடக்கவில்லை. அகழிக்கு மேற்கே, திறந்த கடலில், பண்டா ஆச்சே நகரத்திலிருந்து தென்மேற்கே 400 கிலோமீட்டருக்கு அப்பால், வார்ட்டன் படுகை என்ற பகுதியில் நடந்தது. அதாவது உள்ளே நுழையும் தட்டிலேயே, நுழைவதற்கு முந்திய இடத்தில். அங்கே பாறை மேலே கீழே போகவில்லை, பக்கவாட்டில் உரசிக்கொண்டு நகர்ந்தது. ஒரு பிளவுகூட இல்லை, குறைந்தது நான்கு பிளவுகள், சில ஒன்றுக்கொன்று ஏறத்தாழ செங்குத்தாக, அடுத்தடுத்து உடைந்தன. இரண்டு மணி நேரம் கழித்து, 4.13-க்கு, 8.2 அளவில் இன்னொன்று. கருவி வைத்து அளக்கத் தொடங்கிய காலத்தில் பக்கவாட்டு நகர்வில் இவ்வளவு பெரியது வேறு பதிவாகவில்லை.

உங்கள் மகளிடம் ஒரு வாளித் தண்ணீரில் இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். உள்ளங்கையை அடியில் தட்டையாக வைத்துப் பக்கவாட்டில் சர்ரென்று நகர்த்தினால் மேல்மட்டம் லேசாகச் சலனப்படும், அவ்வளவுதான். அதே கையை ஒரு விரற்கடை சட்டென்று மேலே தூக்கினால் தண்ணீர் விளிம்பைத் தொடும். 2012-ல் எழுந்த அலையும் சுமத்ராவின் மெலாபோவில் ஒரு மீட்டர் அளவுக்குத்தான் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. தட்டின் நடுவில் அவ்வளவு பெரிய உடைப்பு ஏன்? பாடத்தில் 'இந்திய-ஆஸ்திரேலியத் தட்டு' என்று ஒரே நிறத்தில் வண்ணம் அடித்திருப்பார்கள். அந்தத் தட்டின் வடமேற்குப் பாதி இமயமலையில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஐந்து கோடி வருஷங்களுக்கு முன்னால் மோதல் தொடங்கும் வரை வருஷத்துக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல் ஓடிவந்த இந்தியா, இப்போது 5 சென்டிமீட்டர்தான் நகர்கிறது. ஆஸ்திரேலியப் பாதிக்கு அந்த முட்டு இல்லை. ஜாவா, சுமத்ரா அகழியில் தாராளமாக இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஒரு பாதி தயங்க, மறுபாதி விரைய, நடுவில் உள்ள கடலடிப் பாறை நசுங்குகிறது, முறுக்கிக்கொள்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலின் தரையே ஏறி இறங்கி அலையலையாக மடிந்து கிடப்பது ஆய்வுக் கப்பல்களின் பதிவில் தெரிகிறது. ஒரே தட்டு இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கிறது. கோடு போட்டுக் காட்டக்கூடிய எல்லை இன்னும் உருவாகவில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவிய, பிறந்துகொண்டிருக்கும் எல்லை அது. 2012 நிலநடுக்கம் அந்தப் பிரிவினையின் ஒரு படி. 2004-ல் அகழி விட்டுக்கொடுத்ததும் அதன் பின்னால் இருந்த தட்டின் மேல் அழுத்தம் மாறி, இதை முன்கூட்டியே கொண்டுவந்தது என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்த வகையில் இரண்டும் உறவுதான். அண்ணன் தூக்கினான், தம்பி உரசினான் என்று மகளிடம் சொல்லுங்கள், மறக்க மாட்டாள்.

அக்கரைப்பேட்டைக்காரன்

ஐயா, நான் நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டை. 2004 சுனாமி அன்றைக்கு எங்கள் பெரியப்பா விசைப்படகில் நடுக்கடலில் இருந்தார். அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. வலை இழுத்துவிட்டுத் திரும்பும்போது கூரைத் துண்டும் கட்டில் சட்டமும் மிதந்து வருவதைப் பார்த்துத்தான் கரையில் என்னவோ ஆகிவிட்டது என்று புரிந்திருக்கிறது. இத்தனை பேரைக் கொன்ற அலை அவர் படகுக்கு அடியில் போயும் தெரியாதா என்று எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இன்னொரு சந்தேகம். முதலில் கடல் உள்வாங்கும், அதைப் பார்த்ததும் ஓட வேண்டும் என்று எல்லா இடத்திலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். எங்கள் தெருவில் தப்பியவர்கள் அப்படிச் சொல்லவில்லை. தண்ணீர் நேராக ஏறித்தான் வந்தது என்கிறார்கள். எது சரி?

ஜங்லிகாட்_வாத்தியார்

தம்பி, உங்கள் பெரியப்பாவுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. அன்றைக்குத் தற்செயலாக மேலே கடந்த ஜேசன்-1 செயற்கைக்கோள், நிலநடுக்கத்துக்கு இரண்டு மணி நேரம் கழித்து நடுக்கடலில் அலையின் உயரத்தை அளந்தது. ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். அந்த 60 சென்டிமீட்டர் ஏற்றமும் பல கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவி, நிமிஷக்கணக்கில் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். சாதாரண அலையில் ஆடும் படகில் அதை எப்படிப் பிரித்து உணர்வது? 4,000 மீட்டர் ஆழத்தில் சுனாமி மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் போகும். கரை நெருங்கி ஆழம் குறையும்போது முன்பகுதி வேகம் இழக்கும், பின்னால் வருவது வந்து நெரியும், அப்போதுதான் உயரம் ஏறும். கடலில் இருந்த உங்கள் பெரியப்பா பிழைத்ததும் கரையில் இருந்தவர்கள் மாட்டியதும் இதனால்தான்.

இரண்டாவது கேள்விக்கு: உங்கள் தெருக்காரர்கள் சொல்வது சரி. முதலில் கடல் உள்வாங்கியது என்று தாய்லாந்துக்காரர்கள் சொல்வதும் சரி. இங்கேதான் எங்கள் ஊர்க் கதை வருகிறது.

மேல்தட்டு எகிறியபோது அது முழுவதும் எகிறவில்லை. அகழியை ஒட்டிய மேற்குப் பகுதி உயர்ந்தது, அதற்குக் கிழக்கே இருந்த பகுதி தாழ்ந்தது. சுனாமி நடந்த சில வாரங்களில் அப்பாவைப் பார்க்கப் போர்ட் பிளேர் போனேன். ஊருக்கு வெளியே சிப்பிகாட் என்று ஓர் இடம், சின்ன வயதில் சைக்கிளில் போய் வந்த வயல்வெளி. அங்கே வயல் முழுக்கக் கடல்தண்ணீர் நிற்கிறது. சுனாமித் தண்ணீர் வடியவில்லை போலிருக்கிறது என்றுதான் ஊரில் பேசிக்கொண்டார்கள். ஆனால் ஒவ்வொரு நாளும் ஓதத்துக்கு ஏறியது, வற்றத்துக்கு இறங்கியது. பாக்கு மரங்கள் இடுப்பளவு உப்புத் தண்ணீரில் நின்றபடியே ஓலை கருகிக்கொண்டிருந்தன. ஒரு வீட்டின் வாசல்படியில் சிப்பி ஒட்டத் தொடங்கியிருந்தது. தண்ணீர் வந்து நிற்கவில்லை, நிலம் இறங்கிவிட்டது. போர்ட் பிளேர் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. பெரிய நிக்கோபாரின் தென்கோடி இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. அங்கே கரையில் நின்ற கலங்கரை விளக்கத்தின் அடிப்பாகம் கடலுக்குள் வந்துவிட்டது.

அதே சமயம் வடக்கு அந்தமானின் மேற்குக் கரையிலும் வடக்கு சென்டினல் தீவிலும் நிலம் உயர்ந்து பவளப்பாறைகள் தண்ணீருக்கு மேலே வந்து, வெயிலில் வெளுத்துச் செத்தன. ஒரே தீவுக்கூட்டம், ஒரே நாள், ஒரு பக்கம் ஏற்றம், ஒரு பக்கம் இறக்கம்.

கடலடியிலும் அதேதான். மேற்கே தரை உயர்ந்ததால் நம் பக்கம் முதலில் புறப்பட்டது மேடு. கிழக்கே தரை தாழ்ந்ததால் தாய்லாந்துப் பக்கம் முதலில் போய்ச் சேர்ந்தது பள்ளம். அதனால் அங்கே கடல் உள்வாங்கியது, மீன் துள்ளுவதைப் பார்க்க ஆட்கள் இறங்கிப் போனார்கள். உங்கள் ஊரில் தண்ணீர் நேராக ஏறியது. உள்வாங்கலுக்காகக் காத்திருக்கக் கூடாது என்பதை உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். சோழமண்டலக் கரைக்கு அந்த அகழியிலிருந்து முதலில் மேடுதான் வரும்.

கட்டட_இன்ஜினியர்

வாத்தியார் ஐயா சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் 'பக்கவாட்டு நகர்வு என்றால் சுனாமி இல்லை' என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடக் கூடாது. 2018 செப்டம்பர் 28, இந்தோனேசியாவின் சுலவேசித் தீவு, பாலு நகரம். அளவு 7.5, பக்கவாட்டு நகர்வுதான். ஆனால் குறுகிய நீண்ட விரிகுடாவுக்குள் சில நிமிஷத்தில் சுனாமி வந்து நகரத்தின் கரையை அடித்துப் போனது. விரிகுடாவின் சரிவுகள் பல இடங்களில் தண்ணீருக்குள் சரிந்ததும் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

மறுபக்கமும் இருக்கிறது. 2005 மார்ச் 28, நியாஸ் தீவு. 2004-ல் உடைந்த பகுதிக்கு அடுத்த தெற்குத் துண்டு, அதே அகழி, அதே மாதிரி மேலெழும் நகர்வு, அளவு 8.6. அக்கம்பக்கத்தில் சில மீட்டர் அலை எழுந்ததே தவிர, நம் கரைக்குப் பெரிதாக ஒன்றும் வரவில்லை. காரணம், உயர்ந்த பரப்பில் நிறைய தீவாகவும் ஆழமில்லாத கடலாகவும் இருந்தது. தூக்குவதற்கு மேலே தண்ணீர் அதிகம் இல்லை. அளவு, திசை, மேலே நின்ற தண்ணீரின் ஆழம், மூன்றையும் பார்க்க வேண்டும்.

ஜங்லிகாட்_வாத்தியார்

மிகச் சரி, இன்ஜினியர் சார். நியாஸை நானே சொல்லியிருக்க வேண்டிய இடம், நீங்கள் சொன்னது நல்லதாயிற்று. 2012-ல் ஹைதராபாத் எச்சரிக்கை மையம் முதலில் எச்சரிக்கை கொடுத்துப் பிறகு விலக்கிக்கொண்டதும் இதனால்தான். நிலநடுக்கத்தின் இடமும் அளவும் சில நிமிஷத்தில் தெரிந்துவிடும். தண்ணீர் உண்மையிலேயே எழுந்ததா என்பதைக் கடலடி அழுத்தமானிகளும் கரையோர ஓத அளவிகளும்தான் சொல்ல வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். கலா அம்மாவின் மாமியார் அன்றைக்கு உள்பக்கமாக நடந்து போனது முழுக்கச் சரியான காரியம்.

கலா_திருவான்மியூர்

எல்லோருக்கும் நன்றி. வாளி வைத்துப் பார்த்தாயிற்று, சமையலறை முழுக்கத் தண்ணீர். மகளுக்கு இன்னும் இரண்டு கேள்வி. ஒன்று, தட்டைத் தள்ளுவது யார்? புத்தகத்தில் கவசத்தில் (தட்டுகளுக்கு அடியில் உள்ள அடுக்கு) வெப்பச் சலனம் என்று ஒரு வரிதான் இருக்கிறது. இரண்டாவது, 2004 மாதிரி அடுத்தது எப்போது?

ஜங்லிகாட்_வாத்தியார்

முதல் கேள்விக்கு, அந்த ஒரு வரி தப்பில்லை, ஆனால் முக்கியமானதை விட்டுவிடுகிறது. கவசம் கொதிக்கும் குழம்பு இல்லை, திடமான பாறை. ஆனாலும் சூட்டில் கோடிக்கணக்கான வருஷத்தில் மெல்ல நகரும். தட்டுகளை அதிகம் நகர்த்துவது அவற்றின் சொந்த எடை. கடலடித் தட்டு பிறக்கும்போது சூடாக, லேசாக இருக்கும். வயதாக ஆக ஆறிக் கனக்கும். அகழியில் இறங்கியதும் ஆழத்து அழுத்தத்தில் அதன் கனிமங்கள் இன்னும் அடர்த்தியானவையாக மாறும். கீழே தொங்கும் அந்தப் பாறை மேலே இருக்கும் தட்டையும் சேர்த்து இழுக்கும். நடுக்கடல் முகடுகளிலிருந்து வரும் தள்ளலும் உண்டு, ஆனால் அகழியின் இழுப்பைவிடச் சிறியது. ஆஸ்திரேலியப் பாதி ஏன் வேகமாகப் போகிறது என்று முன்பு எழுதினேனே, அதற்கு இந்த இழுப்பு ஒரு பெரிய காரணம்.

அப்புறம், மூன்று எல்லைக்கும் உதாரணம் எழுதச் சொன்னால் மகள் உலகம் சுற்ற வேண்டாம். இந்தியத் தட்டு அகழியில் நேராக நுழையாமல் சாய்வாக நுழைகிறது. நுழையும் பங்கு அகழியில் தீர்கிறது, இணையும் எல்லை. பக்கவாட்டுப் பங்கு சுமத்ராவின் முதுகெலும்பாக 1,900 கிலோமீட்டர் ஓடும் பெரும் பிளவில் தீர்கிறது, பக்க நகர்வு. அதன் வடக்கே அந்தமான் கடலின் தரை சுமார் 40 லட்சம் வருஷமாக விரிந்துகொண்டிருக்கிறது, விலகும் எல்லை. உள்ளே போன தட்டு விடும் நீரால் மேலே உள்ள கவசப் பாறை உருகி எழுந்ததுதான் பாரன் தீவு எரிமலை. 1991-ல் அது மறுபடி புகைந்தபோது போர்ட் பிளேரில் வேறு பேச்சே இல்லை.

இரண்டாவது கேள்விக்குத் தேதி சொல்ல யாராலும் முடியாது. ஆனால் மண்ணைத் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். தாய்லாந்தின் ஃபிரா தோங் தீவில், மேடுகளுக்கு நடுவே உள்ள பள்ளமான சேற்றில் குழி வெட்டினால், 2004 சுனாமி விட்டுப்போன வெளிறிய மணல் மேலாக ஒரு படலமாக இருக்கிறது. அதற்குக் கீழே கருத்த சேறு. அதற்கும் கீழே இன்னொரு மணல் படலம், பிறகு மறுபடி சேறு, மறுபடி மணல். 2004-க்கு முந்திய படலத்தின் வயது 550 முதல் 700 வருஷம் வரை வருகிறது. 2004-ல் உடைந்த அகழித் துண்டு அதே அளவில் திரும்ப அழுத்தம் சேர்க்க நூற்றாண்டுகள் ஆகும். ஆனால் அகழி நீளமானது. சுமத்ராவின் மத்தியப் பகுதிக்கு எதிரே மெந்தவாய் தீவுகளை ஒட்டிய துண்டு இன்னும் முழுதாக விடவில்லை என்று, அங்கே பவளங்களின் வளர்ச்சி வளையங்களைப் படித்தவர்கள் பல வருஷமாக எச்சரித்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே உடைந்தால் அதன் அலை பெரும்பாலும் தென்மேற்கே திறந்த கடலுக்குத்தான் போகும், சுமத்ராவின் மேற்குக் கரையில் உள்ள பாதாங் நகரத்துக்குத்தான் நெருக்கமான ஆபத்து.

சுமத்ராவுக்கு மேற்கே சிமலூ என்று ஒரு தீவு, 2004 நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில். அங்கே 1907-ல் ஒரு சுனாமி நிறையப் பேரைக் கொன்றது. பாட்டிமார்கள் பேரப்பிள்ளைகளுக்கு அதைப் பாட்டாகவும் கதையாகவும் சொல்லி வந்தார்கள்: நிலம் பலமாக ஆடினால் எதையும் எடுக்காதே, மேட்டுக்கு ஓடு. 2004-ல் எந்த எச்சரிக்கையும் வருவதற்கு முன்பே சனம் மலையேறிவிட்டது. 78,000 பேர் இருந்த தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். மகள் வகுப்பில் பேச வாய்ப்பு கிடைத்தால் இதையும் சேர்த்துச் சொல்லட்டும்.